யாரும் தொடாத மூன்று பக்கம்

இயற்பியல் கட்டுரை தேட இன்ஸ்பயர் தளத்துக்குள் போனால், என் விரல் தானாக ‘அதிக மேற்கோள்’ வரிசையைத்தான் அழுத்தும். நேரம் மிச்சம். ஆனா அது யாரோட தீர்ப்பு?

1967-ல் ஸ்டீவன் வெய்ன்பெர்க் ‘எ மாடல் ஆஃப் லெப்டான்ஸ்’ என்று மூன்றே பக்கம் எழுதினார். மின்காந்த விசையையும் மென்விசையையும் இணைத்த கட்டுரை. அடுத்த சில வருஷம் ஏறக்குறைய யாரும் அதை மேற்கோள் காட்டவில்லை. 1971-ல் ட் ஹூஃப்ட் என்ற டச்சு மாணவர், இந்த வகைக் கோட்பாடுகளில் வரும் முடிவிலிகளைக் களையலாம் என்று காட்டினார். பிறகுதான் எண்ணிக்கை ஏறியது. 1979-ல் நோபல். கட்டுரையில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

1969-ல் இந்தப் பொத்தான் இருந்திருந்தால் வெய்ன்பெர்க் கடைசிப் பக்கத்தில் கிடந்திருப்பார். அங்கே யார் போறா?

முன்னால் வந்தவர்கள் எதை எடுத்தாண்டார்கள் என்பதைத்தான் எண்ணிக்கை சொல்கிறது. மேலே இருப்பது படிக்கப்படுகிறது, படிக்கப்படுவதால் இன்னும் மேலே போகிறது. (நான் மென்பொருள் எழுதுபவன், முதல் பக்கத்தைத் தாண்டிப் போகிறவர் அபூர்வம் என்று தெரிந்துதான் நாங்கள் வரிசைப்படுத்துகிறோம்.) அப்படியானால் பத்துப் பேர் போட்டிருக்கிறார்கள் என்று, படிக்காத கட்டுரையை நம் பட்டியலிலும் சேர்ப்பது வெறும் சோம்பேறித்தனமா? அடுத்து தேட வருபவரின் முதல் பக்கத்தில் நாமும் கை வைக்கிறோமே.

அதே தளத்தில் தேதி வரிசையும் உண்டு. அதில் பத்துச் சுருக்கங்களைப் படிக்க அரை மணி நேரம் ஆகிறது. பெரும்பாலும் ஒண்ணும் தேறுவதில்லை.