எதுவரை என்னும் கேள்வி

பகைமை பாராட்டும் நாட்டின்மீது படைவலிமையைப் பயன்படுத்தலாமா? இக்கேள்வியை நாம் ஒரே கேள்வியாக எண்ணுகிறோம். உண்மையில் அதனுள் இரண்டு கேள்விகள் உள்ளன. பயன்படுத்தலாமா என்பது ஒன்று. எதுவரை என்பது மற்றொன்று. முதற்கேள்விக்குச் சினம்கூட விடை சொல்லிவிடும். இரண்டாவதற்கு விவேகம் வேண்டும்.

1999-ஆம் ஆண்டின் கார்கில் போரை எடுத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் ஆளின்றி விடப்பட்டிருந்த சிகரங்களைப் பாகிஸ்தான் படையினர் ரகசியமாகக் கைப்பற்றியிருந்தது மே மாதத்தில் தெரியவந்தது. ஸ்ரீநகரையும் லேயையும் இணைக்கும் நெடுஞ்சாலை அவர்களது பீரங்கிகளின் பார்வைக்குள் வந்துவிட்டது. முதற்கேள்விக்கு விடை தெளிவாகவே இருந்தது. அத்துமீறி நுழைந்தவரை வெளியேற்றுவது அரசின் கடமை.

கடினமானது இரண்டாவது கேள்வியே. இரு நாடுகளும் அணுகுண்டுச் சோதனை நடத்தி ஓராண்டே ஆகியிருந்தது. போர் விரிந்தால் அதன் முடிவு எவர் கையிலும் இராது. எனவே, எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தரைப்படையும் விமானப்படையும் கடக்கலாகாது என்று பிரதமர் வாஜ்பாயின் அரசு ஆணையிட்டது.

இந்த ஆணைக்கு ஒரு விலை இருந்தது. பகைவரின் பின்புறம் சென்று அவர்களது பாதைகளைத் துண்டிக்க இயலாத நிலையில், நம் வீரர்கள் செங்குத்தான பாறைகளில், மேலிருந்து பொழியும் குண்டுகளுக்கு எதிராக ஏற வேண்டியிருந்தது. தோலோலிங், டைகர் ஹில் ஆகிய சிகரங்கள் அவ்வாறே மீட்கப்பட்டன. ஜூலை 26-இல் போர் முடிந்தபோது 527 வீரர்கள் உயிர் நீத்திருந்தனர்.

அடக்கத்தைக் கோழைத்தனம் என்பாரும் உண்டு. அதனையே அகிம்சை என்று போற்றுவாரும் உண்டு. இருவரும் அந்த மலைச்சரிவை மறந்துவிடுகின்றனர். போரைப் போலவே அடக்கமும் பிறர் உயிரைப் பணயம் வைக்கும் முடிவுதான். ஆணையிட்டவர் ஒருவர், அதன் விலையைச் செலுத்தியவர் வேறொருவர்.

ஆயினும் அம்முடிவு தர்மத்திற்கு ஏற்றதே என்று கருத இடமுண்டு. இழந்ததை மீட்பது என்ற நோக்கம் முன்னரே வரையறுக்கப்பட்டிருந்தது. அது நிறைவேறியதும் போர் நின்றது. கோட்டை மதித்த நாட்டின் பக்கமே நியாயம் உள்ளது என்பதை உலகமும் உணர்ந்தது. பாகிஸ்தான் பின்வாங்க வேண்டுமென்று அமெரிக்கா வற்புறுத்தியது. எல்லாவற்றிற்கும் மேலாக, இரு நாடுகளிலும் கோடிக்கணக்கான மக்கள் பேரழிவின் அச்சத்திலிருந்து காக்கப்பட்டனர்.

எனவே, போர் முழக்கம் எழும்போதெல்லாம், சினம் நியாயமானதா என்று கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. எங்கே நிறுத்துவோம் என்பது முடிவாகிவிட்டதா, அந்த எல்லையைக் காக்க உயிரைத் தரப்போகிறவர் யார் என்றும் கேட்க வேண்டும். இவற்றுக்கு விடையளிக்க இயலாதவர் படையை ஏவும் தகுதியை இன்னும் பெறவில்லை.