பூட்டி வைத்த உண்மை

உண்மையே பேச வேண்டும் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்த உண்மையைக் கேட்டுப் பொறுத்துக்கொள்ளும் கடமை நமக்கும் உண்டு என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். ஜான் ஆடிங்டன் சைமண்ட்ஸ் என்ற ஆங்கில விமரிசகரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணம் எழுகிறது.

1840-ல் பிரிஸ்டல் நகரத்தில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தவர் அவர். ஆக்ஸ்போர்டில் படித்தவர். நுரையீரல் நோய் அவரை ஸ்விட்ஜர்லாந்தின் டாவோஸ் மலையூரில் குடியேற வைத்தது. அந்த உடம்பை வைத்துக்கொண்டே, இத்தாலிய மறுமலர்ச்சிக் காலத்தின் வரலாற்றை 1875 முதல் 1886 வரை ஏழு பாகங்களாக எழுதி முடித்தார். மனைவியும் நான்கு பெண்களும் இருந்தார்கள். அறிஞர் என்ற பெயரும் இருந்தது. ஊர் அறிந்த சைமண்ட்ஸ் இவர்தான்.

ஊர் அறியாத சைமண்ட்ஸின் மனமோ இளமையிலிருந்தே ஆண்களைத்தான் காதலித்தது. கல்யாணம் ஆனால் மாறிவிடும் என்று நம்பி 1864-ல் காதரீனை மணந்தார். மாறவில்லை. 1885-ல் இங்கிலாந்தில் வந்த சட்டமோ, ஆண்களுக்குள் அத்தகைய உறவு நான்கு சுவர்களுக்குள் நிகழ்ந்தாலும் இரண்டாண்டுக் கடுங்காவல் வரை விதிக்கலாம் என்றது.

1888-ல் சைமண்ட்ஸ் மொழிபெயர்த்த செல்லினியின் சுயசரிதை வெளிவந்தது. செல்லினி இத்தாலியச் சிற்பி. தான் செய்த கொலைகளைக்கூடப் பெருமையோடு எழுதி வைத்தவன். அந்தப் புத்தகத்தை ஆங்கில வாசகர்கள் விரும்பிப் படித்தார்கள். மறு வருஷமே சைமண்ட்ஸ் தம் சொந்தக் கதையை, ஒளிக்காமல், எழுதத் தொடங்கினார். கொன்றவனின் கதை கூடத்து அலமாரிக்கு வந்தது. காதலித்தவரின் கதை பெட்டிக்குள் போயிற்று.

1893-ல் அவர் ரோம் நகரில் இறந்தார். நண்பர் ஹொரேஷியோ பிரௌன் 1895-ல் எழுதிய வாழ்க்கை வரலாறு இந்த விஷயத்தை மறைத்தது. அதே ஆண்டில்தான் ஆஸ்கார் வைல்ட் அந்தச் சட்டத்தால் சிறை சென்றார். பிரௌன் 1926-ல் காலமானபோது, கையெழுத்துப் பிரதி லண்டன் நூலகத்துக்குப் போயிற்று. ஐம்பது ஆண்டுகள் வெளியிடக் கூடாது என்பது நிபந்தனை. அது அச்சேறியது 1984-ல்.

இப்படிப் பூட்டி வைத்தது கோழைத்தனமா? நான் அப்படி நினைக்கவில்லை. பாராட்டக்கூட யாரும் இல்லாத இடத்தில் உண்மையை எழுதுவதற்குத் தனித் துணிவு வேண்டும். ஆனால் காதரீனை நினைக்கும்போது என் மனம் அவ்வளவு எளிதாகச் சமாதானம் அடைவதில்லை. கணவர் தம் மனத்தைப் பின்னால் அவளிடம் சொன்னார். அவள் அறிந்தே உடன் வாழ்ந்தாள். முன்பே சொல்லியிருக்க வேண்டாமா? வேண்டும். அந்தக் குறை அவருடையதுதான். ஆனால் கல்யாணத்தையே மருந்தாக நினைக்கும்படி அவரைப் பழக்கியது எது? குற்றம் செய்யாத ஒரு பெண்ணும் சேர்ந்து அனுபவித்த தண்டனை அது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது எழுதப்படவில்லை.

1967-ல் இங்கிலாந்து அந்தச் சட்டத்தைத் தளர்த்தியது. ஆனாலும் சட்டம் மாறுவது போல வீடுகள் சீக்கிரம் மாறுவதில்லை. நமக்கு வேண்டிய ஒருவர் எதையோ மறைத்திருந்தார் என்று தெரிந்தால், “ஏன் மறைத்தாய்?” என்று கேட்கத்தான் நமக்கு முதலில் தோன்றும். சொல்லியிருந்தால் நாம் என்ன செய்திருப்போம் என்பதை அதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசித்துப் பார்ப்பது நல்லது.