பேரமும் அறமும்

விற்பதும் வாங்குவதும் மனித வாழ்வில் நாள்தோறும் நிகழ்வன. நாள்தோறும் நிகழ்வதாலேயே அவற்றினுள் உறையும் அறப்பிரச்சினைகளை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. களவு தவறென்பதை எவரும் ஒப்புவர். ஆனால், பழைய மோட்டார் கார் ஒன்றை விற்பவன், வாங்க வந்தவன் கேளாத குறையைத் தானே முன்வந்து சொல்லக் கடமைப்பட்டவனா என்று கேட்டால், அறத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவோரும் தயங்குவர். “அது வியாபாரம், அங்கே அப்படித்தான்” என்று சொல்லி அப்பாற் செல்வர். வாழ்க்கையின் ஒரு பகுதிக்கு அறம் செல்லாது என்று இவ்வளவு எளிதாக நாம் ஒப்புக்கொள்வது எங்ஙனம்? இதுவே ஈண்டு ஆராயப்பட வேண்டியது.

கொழும்பின் புறநகரங்களிலும் யாழ்ப்பாண நகரை அண்டிய வீதிகளிலும், ‘கார் சேல்’ என்று மக்கள் வழங்கும் விற்பனை நிலையங்களைக் காணலாம். மெருகேற்றிய வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. சேமிப்புப் பணத்தோடும் லீசிங் கடன் கிடைக்குமென்ற நம்பிக்கையோடும் ஓர் ஆசிரியர் அங்கே செல்கிறார் என வைத்துக்கொள்வோம். “மாஸ்ரர், உங்களுக்காகத்தான் இந்த விலை. நாளைக்கு இன்னொருத்தர் காசோட வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போயிருக்கிறார்” என்கிறான் விற்பனையாளன். “தம்பி, என்னட்டை இவ்வளவுதான் இருக்கு, இதுக்கு மேல ஒரு சதமும் இல்லை” என்கிறார் ஆசிரியர். நாளை வருபவரும் இல்லை. ஆசிரியரிடம் அவ்வளவுதான் உண்டு என்பதும் மெய்யன்று. இருவரும் பொய் சொல்கின்றனர். மற்றவர் சொல்வது பொய்யென்பதையும் இருவரும் ஊகிக்கின்றனர். பின்னர் ஏதோ ஒரு தொகையில் இணங்கிக் கைகுலுக்குகின்றனர்.

பேரத்துக்கு வக்காலத்து வாங்குவோரின் வாதம் இங்கேதான் பிறக்கிறது. இது ஒரு விளையாட்டு. விதிகள் இருவருக்கும் தெரியும். சீட்டாடுபவன் தன் கையிலுள்ள சீட்டை மறைப்பதை எவரும் பொய்யென்று சொல்வதில்லை. பேரமும் அத்தகையதே என்பர். இவ்வாதத்தில் ஓரளவு உண்மையுண்டு. எவ்வளவு கொடுக்க ஆயத்தமாயிருக்கிறேன் என்பது என் மனத்தில் உள்ளது. அதை வெளியிடும்படி கேட்க எவருக்கும் உரிமையில்லை.

ஆனால், அதே முற்றத்தில் வேறொரு வகைப் பொய்யும் நிகழ்கிறது. வந்தவர் காணுமுன்பே இயந்திரத்தை ஓடவிட்டுச் சூடேற்றிவைத்தால், குளிர்ந்த நிலையில் அது கிளம்ப மறுப்பது வெளிப்படாது. தடித்த எண்ணெயை ஊற்றிவைத்தால் தேய்ந்த இயந்திரத்தின் ஓசை சில நாட்களுக்கு அடங்கிக் கிடக்கும். மோதுண்டு நிமிர்த்திய கதவின் மேல் புதுவர்ணம் பளபளக்கும். ஓடிய தூரத்தைக் காட்டும் மீற்றரும் பின்னோக்கித் திருப்பப்படும்; மிதிகட்டையின் தேய்ந்த றப்பரும் இருக்கையின் நைந்த ஓரமும் மட்டுமே உண்மைக்குச் சாட்சியாய் எஞ்சும். ஹைபிரிட் வண்டியாயின் அதன் மின்கலத்தில் எவ்வளவு உயிர் எஞ்சியுள்ளதென்பதைப் புறத்தோற்றம் சொல்லாது. இவை விற்பவனின் மனத்திலுள்ள இரகசியங்கள் அல்ல. பண்டத்தைப் பற்றிய உண்மைகள். வாங்குபவர் தம் பிள்ளைகளை ஏற்றிச் செல்லப்போகும் வண்டியின் தடுப்பு எத்தகையது என்பதை மறைப்பதும், தம் கையிலுள்ள பணத்தை மறைப்பதும் ஒன்றாகிவிடுமா? முன்னது உயிரைத் தொடுகிறது. பின்னது இலாபத்தை மட்டும் தொடுகிறது. இரண்டையும் ‘பேரம்’ என்ற ஒரே சொல்லால் மூடிவிடுவதே குழப்பத்தின் தொடக்கம்.

இப்பிரச்சினை மோட்டார் காரோடு பிறந்ததன்று. கி.மு. 44இல் உரோமரான சிசரோ தமது மகனுக்கு எழுதிய ‘கடமைகள்’ பற்றிய நூலின் மூன்றாம் பகுதி இதையே ஆராய்கிறது. றோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து தானியக் கப்பலோடு ஒரு வணிகன் வந்து சேர்கிறான். தனக்குப் பின்னால் வேறு கப்பல்களும் வருகின்றன என்பது அவனுக்குத் தெரியும், தீவினருக்குத் தெரியாது. அவன் அதைச் சொல்ல வேண்டுமா? இன்னொருவன் வீடு விற்கிறான். அது நோய்க்கு இடமானது, மரங்கள் உளுத்தவை, அறைகளில் பாம்புகள் ஊரும். இவை அவனுக்கு மட்டுமே தெரியும். அவன் சொல்ல வேண்டுமா? பாபிலோனியரான டயோஜெனீஸ், சட்டம் கேட்கும் அளவுக்குக் குறையைச் சொன்னாற் போதும், எஞ்சியவற்றில் வஞ்சகமின்றி நடந்தாற் போதும், சொல்லாமலிருப்பது மறைத்தலாகாது என்றார். அவருடைய மாணவரான அந்திபாத்தரோ, மனித குலத்தின் பொதுநலத்துக்குக் கடமைப்பட்டவன் வாங்குவோன் அறியவேண்டிய யாவற்றையும் சொல்லவே வேண்டும் என்றார். சிசரோ மாணவரின் பக்கமே சாய்ந்தார். அறிவதால் நன்மையடையக்கூடியவரை உன் இலாபத்துக்காக அறியாமையில் வைத்திருப்பதே மறைத்தல் என்பது அவர் தந்த விளக்கத்தின் சாரம்.

இவ்விளக்கம் இன்றும் நமக்குப் போதுமானது. எல்லா மௌனமும் பொய்யன்று. பிறன் அறியாமையிலிருந்து இலாபம் கறக்கும் மௌனமே பொய். ஆனால், சிசரோவின் சமுதாயத்தை நாம் மறந்துவிடலாகாது. சந்தைகளை மேற்பார்த்த உரோம அதிகாரிகளின் ஆணை, விற்பவன் பண்டத்தின் நோயையும் குறையையும் வெளிப்படுத்த வேண்டுமென்று விதித்தது. அவ்வாணை கருதிய முதன்மையான பண்டம் எது? அடிமை! மனிதனை வாங்குபவன் ஏமாறாதிருக்க வேண்டுமென்று கவலைப்பட்ட சட்டம், விற்கப்பட்ட மனிதனைப் பற்றிக் கவலைப்படவில்லை. சந்தையின் நேர்மை வேறு. சமுதாயத்தின் நீதி வேறு. முன்னதைக் கேட்கும்போது பின்னதை மறந்துவிடும் ஆபத்து என்றும் உண்டு.

நமது நாட்டில் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் ஆங்கிலச் சட்டத்தை ஒட்டி எழுந்தது. சில விதிவிலக்குகள் நீங்கலாக, வாங்குபவனே விழிப்பாயிருக்க வேண்டும் என்ற கோட்பாடு அதன் அடியில் உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் ஏமாற்றும் வியாபார நடத்தையைத் தடைசெய்கிறது. எனினும், சந்தையின் வழக்கத்தில் இன்றும் பழைய கோட்பாடே ஆட்சி செய்கிறது. ‘விழிப்பாயிரு’ என்பது நல்ல அறிவுரை. ஆனால், திறக்க முடியாத இயந்திரத்தின் முன்னால் எவ்வளவு விழித்திருந்தென்ன? பார்க்க வழியில்லாதவனைப் பார்த்து, நீ ஏன் பார்க்கவில்லை என்று கேட்பது நீதியாகாது.

அறியாமையின் விலையைப் பொருளியலாளரும் உணர்ந்துள்ளனர். 1970இல் ஜோர்ஜ் அக்கர்லொவ் என்ற அமெரிக்க அறிஞர் பழைய கார்ச் சந்தையையே எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். நல்ல வண்டி எது, கெட்ட வண்டி எது என்று வாங்குபவன் பிரித்தறிய முடியாதபோது, இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு விலையையே கொடுக்க முன்வருவான். அந்த விலைக்கு நல்ல வண்டியின் சொந்தக்காரன் விற்க மாட்டான், சந்தையைவிட்டு விலகுவான். எஞ்சுவன பெரும்பாலும் கெட்டவை. அதனால் விலை மேலும் இறங்கும். இன்னும் சில நல்லவை விலகும். அக்கர்லொவ் 2001இல் வேறிருவரோடு பொருளியலுக்கான நொபெல் பரிசைப் பெற்றார். அவருடைய ஆய்வு நமக்குக் கற்பிப்பது யாது? பொய்யன் வாங்குபவனை மட்டும் ஏமாற்றவில்லை; நேர்மையாக விற்க விரும்புபவனின் வாயையும் அடைக்கிறான். அவன் சொல்லும் உண்மையை நம்புவார் இல்லாது போகின்றனர்.

யாழ்ப்பாணத்தாருக்கு இதன் மறுபக்கமும் தெரியும். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், பெற்றோல் கிட்டாதபோது, பழைய மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் மண்ணெண்ணெயில் ஓடின. அவ்வண்டிகளின் வரலாறு ஊரறிந்தது. எவர் வாங்கினார், எங்கே மோதியது, எந்தத் திருத்துநர் எதைக் கழற்றி எதைப் பூட்டினார் என்பதெல்லாம் சந்தியில் நின்றவருக்கும் தெரியும். அங்கே விற்பவனால் பொய் சொல்ல முடியவில்லை. அக்கால மனிதர் நம்மிலும் உயர்ந்தோர் என்பதாலன்று. உண்மை பொதுவுடைமையாக இருந்ததாலேயே.

பேரம் சமமானவர்களின் விளையாட்டு என்ற வாதத்துக்கு மீள்வோம். 1990களில் இயன் ஏயர்ஸ், பீட்டர் சீகல்மன் என்னும் இருவர் ஐக்கிய அமெரிக்காவில் சிக்காகோ நகரை அண்டிய புதுக்கார் விற்பனை நிலையங்களில் ஒரு சோதனை நடத்தி, அதன் முடிவை 1995இல் வெளியிட்டனர். வெள்ளையரும் கறுப்பரும், ஆண்களும் பெண்களுமாகப் பயிற்றப்பட்டோர் ஒரே வகைக் காருக்கு, ஒரே சொற்களில், ஒரே முறையில் பேரம் பேசினர். முந்நூறுக்கு மேற்பட்ட இணைச் சோதனைகள் நிகழ்ந்தன. வெள்ளை ஆண்களுக்குக் கிடைத்த விலையே மிகக் குறைந்தது. கறுப்பருக்கும் பெண்களுக்கும் கூடிய விலை சொல்லப்பட்டது. சொற்கள் ஒன்றாயிருந்தும் விலை வேறாயிற்று. சாமர்த்தியம் உள்ளவன் வெல்லும் விளையாட்டு என்று சொல்லப்படுவதில், வாய் திறக்குமுன்பே தோலின் நிறமும் பாலும் எண்ணப்பட்டுவிடுகின்றன!

இதற்கு நேரெதிராக, பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர் என்னும் சமயக் குழுவினர் பேரத்தையே மறுத்தனர். கொள்ள எண்ணாத விலையைக் கேட்பது பொய் என்பது அவர் கொள்கை. ஒரே விலையைச் சொல்லி எல்லோருக்கும் அதற்கே விற்றனர். அவர்களுடைய கடைக்குக் குழந்தையை அனுப்பினாலும் பெரியவருக்குரிய நியாயமே கிடைக்கும் என்று மக்கள் கண்டுகொண்டனராம். அவர்களுடைய சமயத்தை ஏற்கவேண்டியதில்லை. ஆனால், இதனிலும் சிறந்த உரைகல் எதுவுண்டு? குழந்தையை அனுப்பக்கூடிய சந்தை நேர்மையான சந்தை.

அவ்வாறாயின் குற்றவாளி அந்த விற்பனையாளனா? அவனை ஏசிவிட்டு அமைதியடைவது எளிது. அவனும் பெரும்பாலும் கூலிக்காரனே. சிறு சம்பளத்தோடு விற்பனைக்கு இத்தனை வீதம் என்று தரகு பெறுபவன், உண்மை சொன்னால் தன் வீட்டு அடுப்புக்கே கேடு தேடுகிறான். மாதக்கட்டுப் பணத்தைப் பற்றியே பேசி முழு விலையை மறக்கச் செய்யுமாறு அவன் பழக்கப்படுகிறான். இரண்டு இலட்சம் ரூபா கூடுதலென்றால் வாங்குபவர் திடுக்கிடுவார். அதையே 60 மாதங்களுக்குப் பங்கிட்டு, வட்டியைப் பேசாமல், “மாதம் 3,333 ரூபாதான் கூட” என்றால் தலையசைப்பார். இத்தந்திரத்தின் இலாபம் போய்ச் சேருமிடம் விற்பனையாளனின் சட்டைப்பை அன்று. ஒருவனுடைய பிழைப்பை அவனுடைய நேர்மைக்கு எதிராக நிறுத்தி வைத்திருக்கும் ஏற்பாட்டையே நாம் முதலிற் கேள்விகேட்க வேண்டும். இதனால் அவன் பொறுப்பு முற்றாக நீங்கிவிடாது. தடுப்புப் பழுதான வண்டியை நல்லதென்று கொடுப்பதற்கு வறுமை விடையாகாது. ஆனால், பொறுப்பின் பெரும்பங்கு அவனுக்கு மேலே உள்ளது.

பொதுநிலைமைகளும் இதிற் பங்குகொள்கின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியிலேயே நீங்கியது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்தாண்டுகளில், ஓடித் தேய்ந்த வண்டிகள் அவை புதிதாக வாங்கப்பட்ட விலையிலும் கூடிய விலைக்குக் கைமாறின. வண்டியின் தகுதி கூடவில்லை. மனிதரின் தேவைதான் நெருக்கியது. சுகவீனமான தாயைக் கிளினிக்குக்கு ஏற்றிச் செல்ல வண்டி தேடியவனும், முதலிட்டு இலாபம் பார்க்க வண்டி வாங்கியவனும் ஒரே முற்றத்தில் ஒரே விலைக்கு நின்றனர். றோட்ஸ் தீவின் வணிகனை நாம் மிகத் தொலைவில் தேடவேண்டியதில்லை.

இனி, வாங்குபவர் நிரபராதியா? நேற்று ஏமாற்றப்பட்டேனென்று குமுறியவர், நாளை தம் வண்டியை விற்கும்போது அதே குறையை அடுத்தவர் தலையில் கட்டுவதைக் காண்கிறோம். “எனக்கு எவர் சொன்னார்?” என்பது அவர் நியாயம். கடன் நெருக்கத்தாலோ வெளிநாடு செல்லும் அவசரத்தாலோ அந்தரப்பட்டு விற்பவரிடம், அந்த அந்தரத்தை மோப்பம் பிடித்து அரைவிலைக்கு வாங்கிவிட்டு, “நல்ல பேரம்” என்று பெருமை பேசுவோரும் நம்மிடையே உண்டு. அங்கே பொய் ஒரு சொல்லும் இல்லாதிருக்கலாம். எனினும் சுரண்டல் உண்டு. ஆகவே, அறத்தின் அளவுகோல் உண்மை பேசுதல் மட்டுமன்று. எவனிடம் அறிவு கூடுதலோ, எவனுக்குத் தேவையின் நெருக்கம் குறைவோ, அவன் மேலேயே பொறுப்பு கூடுதலாகச் சுமக்கிறது. விற்பவன், வாங்குபவன் என்ற பெயர்கள் இதில் இரண்டாம்பட்சமானவை.

தனிமனிதரின் மனமாற்றம் ஒன்றே இதைத் தீர்த்துவிடும் என்று நம்புவது பேதைமை. வண்டி கைமாறுமுன் விற்பவனைச் சாராத ஒருவர் அதைச் சோதித்து எழுத்தில் தரவேண்டும். ஓடிய தூரமும் விபத்தும் திருத்தமும் எவரும் பார்க்கக்கூடிய பதிவேட்டில் இருக்கவேண்டும். மாதக்கட்டோடு வட்டியும் சேர்ந்த முழுத்தொகையும் முன்கூட்டியே கண்ணிற்படவேண்டும். விற்பவனுக்கு வாழத்தக்க சம்பளம் கிடைக்கவேண்டும். இவை மிகப்பெரிய புரட்சிகள் அல்ல. ஊர்ச்சந்தியில் ஒருகாலத்தில் இயல்பாகவே இருந்த பொதுவறிவைச் சமுதாயம் திட்டமிட்டு மீட்டுக்கொள்வதே இது.

அதுவரையில்? நமது மாணவருக்கு ‘பொய் சொல்லாதே’ என்று எழுதிப் போடும் கரும்பலகைக்கும், அவர்கள் வளர்ந்து சென்று நிற்கப்போகும் சந்தை முற்றத்துக்கும் இடையே உள்ள தூரத்தை நாம் மறைக்கலாகாது. விலையைப் பற்றி வாதாடு, பண்டத்தைப் பற்றி மறைக்காதே. உன் கேள்விக்கு மட்டுமல்ல, அவன் கேட்கத் தெரியாத கேள்விக்கும் விடை சொல் என்று கற்பிப்போம். அவ்விடையால் சில ஆயிரம் ரூபா நட்டமாகலாம் என்பதையும் சேர்த்தே கற்பிப்போம். நட்டம் வராத இடத்தில் உண்மை பேசுவதற்கு ஆசிரியர் எவரும் தேவையில்லை.