புல்லு புல்லுதானே

"மாட்டுக்குச் சரிடா. ஆட்டுக்கு இந்தப் புல்லு ஒத்துக்குமா?"

சித்தப்பா கேட்டபோது நான் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "புல்லு புல்லுதானே சித்தப்பா" என்றேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. படித்த பையன் சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

சித்தப்பா பேராக்கில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் செம்பனையாக மாறியது, பிறகு பாதி வீடமைப்புத் திட்டமாக மாறியது. லயத்தைக் காலி செய்து வந்த பிறகும் அவர் மாட்டை விடவில்லை. மூன்று ஏக்கர் நிலத்தை வாடகைக்கு எடுத்து ஒன்பது மாடுகளும் பதினான்கு செம்மறிகளும் வைத்திருந்தார். முன்பு போல ரோட்டோரத்தில் மேய்க்க முடியாது. எங்கே களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள் என்று தெரியாது. அடுத்தவர் செம்பனைக் கன்றில் வாய் வைத்தால் சண்டை வேறு. அதனால் தீவனப் புல்லைச் சொந்தமாகவே பயிர் செய்யலாம் என்று முடிவானது. திட்டம் போட்டுக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது.

நான் இயந்திரப் பொறியியல் படித்தவன், பினாங்கில் தொழிற்சாலை வேலை. விவசாயம் தெரியாது, ஆனால் கணக்குத் தெரியும். ஒரு மாடு ஒரு நாளைக்குத் தன் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு பச்சைப் புல் தின்னும். நேப்பியர் புல்லை ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் அறுக்க வேண்டும். அதைத் தாண்டினால் எடை கூடும், புரதம் குறையும், தண்டு முற்றிப்போகும். இதையெல்லாம் அட்டவணையில் போட்டேன். ஒரு ஏக்கரில் அறுத்துப் போட நேப்பியர். மீதியில் மேய்ச்சலுக்கு சிக்னல் புல். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இந்தப் புல் அமில மண்ணிலும் வளரும், மிதித்தாலும் கடித்தாலும் மறுபடி எழும், களையையும் அமுக்கிவிடும். எல்லாக் கட்டத்திலும் அதற்கே நல்ல மதிப்பெண். வேலி கட்டினோம், புல் பிடித்தது. மாடுகள் கொழுத்தன. நான் அந்த அட்டவணையைப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பினேன்.

சில வாரம் கழித்துச் சித்தப்பா போன் செய்தார். "குட்டிங்க ரெண்டு வெயிலுக்கே வரமாட்டேங்குதுடா. காது தடிச்சிருக்கு."

அந்த வாரக் கடைசியில் போய்ப் பார்த்தேன். முகம் வீங்கி, கண்ணின் வெள்ளை மஞ்சளாகி, கொட்டகைக்குக் கீழே இருட்டான மூலையில் நின்றன. வந்த கால்நடை மருத்துவர் புல்லைப் பார்த்ததும் தலையாட்டினார். சிக்னல் புல்லில் இருக்கும் சபோனின் என்ற பொருள் செம்மறியின் கல்லீரலைக் கெடுக்கிறது. பச்சையம் செரிக்கும்போது உண்டாகும் ஒரு கழிவைக் கல்லீரல்தான் பித்தத்தோடு வெளியேற்ற வேண்டும். கெட்டுப்போன கல்லீரலால் அது முடியாது. கழிவு ரத்தத்தில் தங்கி, தோலுக்குக் கீழே வந்து, வெயில் பட்டதும் எரிகிறது. மாடுகள் பெரும்பாலும் இதைத் தாங்கிவிடும். செம்மறி தாங்காது, குட்டிகள் இன்னும் மோசம். இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. மலேசியாவிலேயே 1980களிலிருந்து ஆய்வுகள் வந்திருக்கின்றன. தேடினால் பத்து நிமிடத்தில் கிடைத்திருக்கும்.

ஐந்து செம்மறிகள் செத்தன.

"எனக்குத் தெரியாது சித்தப்பா" என்றேன். உண்மைதான், தெரியாது. தெரியாமல் செய்தது தப்பா? இரண்டு வருஷமாக என்னோடு இருக்கிற கேள்வி இதுதான்.

பல்கலைக்கழகத்தில் பொறியியல் அறம் என்று ஒரு பாடம் உண்டு. தேர்வுக்காகப் படித்து மறந்துவிடுகிற பாடம். அதில் வந்த ஒரு கப்பல் முதலாளியின் கதை மட்டும் இப்போது திரும்ப ஞாபகம் வந்தது. கிளிஃபர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1877-இல் எழுதிய கட்டுரை அது. முதலாளியின் கப்பல் பழையது, பலமுறை பழுது பார்த்தது. குடிபெயரும் குடும்பங்களை ஏற்றி அனுப்பும் முன் அவனுக்குச் சந்தேகம் வருகிறது. இத்தனை புயலைத் தாண்டிய கப்பல் இதையும் தாண்டும் என்று தன்னையே சமாதானப்படுத்தி, மனதார நம்பி, வழியனுப்புகிறான். கப்பல் மூழ்குகிறது. அவன் நம்பிக்கை நேர்மையானதுதானே என்று கேட்டால், கிளிஃபர்ட் விடமாட்டார். கையிலிருந்த ஆதாரத்தை வைத்து அப்படி நம்ப அவனுக்கு உரிமையே இல்லை என்கிறார். கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவன் குற்றவாளிதான் என்பார்.

முதலில் இந்தக் கதை எனக்குப் பொருந்தாது என்று நினைத்து நிம்மதியடைந்தேன். அவனுக்குச் சந்தேகம் வந்தது, அவன் அதை அமுக்கினான். எனக்குச் சந்தேகமே வரவில்லையே?

அப்புறம்தான் உறைத்தது. சந்தேகம் வந்தது, சித்தப்பாவின் வாயிலிருந்து வந்தது. நாற்பது வருஷம் ஆடு மாட்டோடு இருந்த மனுஷனுக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை, ஆனால் கேட்கத் தெரிந்தது. மாட்டையும் ஆட்டையும் அவர் பிரித்துப் பார்த்தார். என் அட்டவணையில் 'கால்நடை' என்று ஒரே கட்டம்தான் இருந்தது. கப்பல் முதலாளி தன் மனதுக்குள் செய்ததை நான் அவரிடம் செய்தேன். அவனுக்காவது கொஞ்ச நேரம் போராட வேண்டியிருந்தது, எனக்கு மூன்று வார்த்தை போதுமாக இருந்தது. தெரியாமை மன்னிக்கக்கூடியதாக இருக்கலாம். கேட்ட கேள்வியைக் கேட்காததுபோல் விட்ட பிறகு, 'தெரியாது' என்பது வேறொரு சொல்லாகிவிடுகிறது.

நண்பன் ஒருவன் வேறு மாதிரி வாதாடினான். "எப்படியும் பண்டிகைக்கு வெட்டப் போற ஆடுதானே? மூணு மாசம் முன்னாடி செத்துச்சு, அவ்வளவுதான்." லேசில் தள்ளிவிட முடியாத வாதம். நானும் ஆட்டிறைச்சி சாப்பிடுகிறவன். ஆனால் ஓர் உயிரைக் கடைசியில் கொல்லப் போகிறோம் என்பது, அதுவரை அதை எப்படி வேண்டுமானாலும் நடத்தலாம் என்பதற்கு அனுமதி ஆகாது. ஒருவேளை நேர்மாறாகத்தான் இருக்கும். அதனிடமிருந்து அவ்வளவு எடுக்கப் போகிறோம் என்றால், இருக்கும் நாளில் அதற்குச் செய்ய வேண்டியதும் அவ்வளவு கூடும்.

திறந்த வெளியில் மேயும் செம்மறி ஒரு வாய் இதில், ஒரு வாய் அதில் என்று பொறுக்கித் தின்னும். அப்போதும் தப்பு நேரலாம், ஆனால் தேர்வு அதனுடையது. நாம் வேலி போட்டு ஒரே புல்லை நட்டதும் அந்தத் தேர்வை அதனிடமிருந்து வாங்கிவிடுகிறோம். தேர்வை வாங்கியவன் அதோடு சேர்ந்த எச்சரிக்கையையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அதன் நாக்குக்குப் பதிலாக இனி நான்தான் சந்தேகப்பட வேண்டும். ஆட்டுக்கு மட்டுமல்ல, யாருக்காகவும் முடிவெடுக்கிற எல்லாருக்கும் இது பொருந்தும் என்று தோன்றுகிறது. பள்ளிச் சமையலுக்கும், முதியோர் இல்லத்துக்கும், நான் தினமும் வேலை செய்கிற இயந்திரத்துக்கும்.

சித்தப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "விதி, விடுடா" என்றார். அந்த மன்னிப்பு எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் அது முழுசாக அவர் கொடுக்கக்கூடியதா? நஷ்டம் அவருடையது, அதை அவர் மன்னிக்கலாம். இருட்டு மூலையில் நின்ற அந்த நாட்கள் அவருடையவை இல்லை.

மிஞ்சிய ஒன்பது செம்மறிகளுக்குத் தனிப் பகுதி ஒதுக்கி கினி புல் நட்டோம். சிக்னல் புல் மாடுகளுக்கு மட்டும். போன மாதம் சித்தப்பா செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு மூட்டை வாங்கலாமா என்று கேட்டார், விலை மலிவு. மாட்டுக்கு நல்லது. உடனே சரி என்று சொல்ல வாய் வந்தது. நிறுத்திக்கொண்டு தேடிப் பார்த்தேன். அதில் இருக்கும் தாமிரம் செம்மறியின் கல்லீரலில் சேர்ந்து சேர்ந்து ஒரு நாள் கொல்லும்.

"மாட்டுக்குச் சரி சித்தப்பா" என்றேன். "ஆட்டுக்கு வேணாம்."

"அதான் கேட்டேன்" என்றார்.