இழுக்கும்... நிக்குமா?

போன வருடம் கரும்பு வெட்டு நேரம். விழுப்புரம் பக்கம் ஒரு நண்பரின் வயலோரம் நின்றிருந்தேன். டிராக்டர் டிரெய்லரில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் பத்து கட்டு போடுப்பா. உன் வண்டி இழுக்காதா என்ன?" என்றார் நண்பர்.

கொக்கியில் மாட்டியிருந்த பின்னை ஆட்டிப் பார்த்தபடியே டிரைவர் சொன்னார்: "இழுக்கும்ணே. நிக்காது."

இரண்டே வார்த்தை. எனக்கு அன்று ராத்திரி தூக்கம் போச்சு!

யோசித்துப் பாருங்கள். 50 குதிரைசக்தி டிராக்டரின் எடை சுமார் 2 டன். பின்னால் வருகிற லோடு அதைப்போல மூன்று, நான்கு மடங்குகூட இருக்கும். நம்மூரில் பல டிரெய்லர்களுக்குத் தனி பிரேக்கே கிடையாது. மேட்டில் ஏறும்போது டிராக்டர்தான் எஜமான். சரிவில் இறங்கும்போது டிரெய்லர் எஜமானாகி, பின்னாலிருந்து நெட்டித் தள்ளும். டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டால், எஞ்சினின் பிடியும் போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால், நிற்பதற்கு அடக்க வேண்டிய சக்தி நான்கு மடங்கு!

'அது டிரைவர் பாடு, எனக்கென்ன?' என்கிறீர்களா? கொஞ்சம் இருங்கள்.

இரண்டு டிரைவர்கள். இருவரும் ஒரே அளவு ஓவர்லோடு ஏற்றுகிறார்கள். ஒருவர் பத்திரமாக ஆலைக்குப் போய்ச் சேருகிறார். இன்னொருவர் வழியில் ஒரு குழந்தை குறுக்கே ஓடி வருகிறது, வண்டி நிற்கவில்லை. முதல் ஆளைக் 'கெட்டிக்காரன்' என்கிறோம். இரண்டாவது ஆளைக் 'கொலைகாரன்' என்கிறோம். ஆனால், இரண்டு பேரும் செய்தது ஒரே காரியம்தானே?

1976-ல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவப் பேராசிரியர்கள் இந்தக் குழப்பத்துக்கு 'மாரல் லக்' என்று பெயர் வைத்தார்கள். நல்லவன், கெட்டவன் என்பதிலும் அதிர்ஷ்டத்துக்குப் பங்கு உண்டு என்கிற விவகாரம். நேகல் சொன்ன உதாரணமே, பிரேக்கைச் சரிபார்க்காத ஒரு லாரி டிரைவர்தான்.

2022 அக்டோபரில் கான்பூர் அருகே கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்கள் வந்த டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து, 25 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். சாமான் ஏற்றுகிற பெட்டியில் ஆட்களை ஏற்றி, கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போய் வந்த வண்டிகள் நாட்டில் எத்தனை ஆயிரம்! அத்தனையும் சரியாகத்தான் போயினவா? இல்லை... எதுவும் குறுக்கே வராததால் தப்பித்தனவா?

விபத்து நடந்தால் வழக்கு டிரைவர் மேல். 'இன்னும் பத்து கட்டு' என்றவர் பெயர் எந்த எஃப்.ஐ.ஆரிலும் வராது. 'பத்து நிமிஷத்தில் வரணும்' என்று சாப்பாடு கொண்டுவரும் பையனை விரட்டும்போது, நாமும் அந்தப் பத்து கட்டைத்தான் ஏற்றுகிறோம். பையன் வந்துவிடுகிறான். நாம் நல்லவர்களாகவே தூங்கப் போகிறோம்!

நண்பருக்குக் கோபம்தான். இன்னொரு நடை என்றால் இன்னொரு வாடகை. அந்த டிரைவரோ அசரவில்லை. வயலில் தனித்தனியாக மிதிப்பதற்காகப் பிரித்து வைத்திருந்த இரண்டு பிரேக் பெடல்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கொண்டியைப் போட்டார். பின்பக்கம் போய், சிவப்பு ரிஃப்ளெக்டரில் படிந்திருந்த சேற்றைத் துண்டால் துடைத்தார்.

அவருக்குப் பின்னால் இருட்டில் காரில் வரப்போகிறவர் யாரென்று அவருக்குத் தெரியாது. ஒருவேளை, நீங்களாக இருக்கலாம்.