இன்னும் நம் பிள்ளை ஆகாத பிள்ளை

பெற்றால்தான் பிள்ளையா என்ற கேள்விக்கு நம்ம சமுதாயம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. வளர்த்தவளும் தாய்தான். ஆனால் இதைவிடக் கஷ்டமான கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு பிள்ளையை வளர்க்கிறோம். அது நமக்கே கிடைக்குமா என்று இன்னும் தெரியாது. உரிமை உள்ளவர் நாளைக்கே வந்து கேட்டால் கொடுத்துவிட வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளையை முழு மனசோடு நேசிக்க முடியுமா? நேசிப்பது சரிதானா?

இது கற்பனைக் கேள்வி இல்லை. ஆப்பிரிக்காவில் உள்ள உகாண்டா நாட்டின் சட்டம் இந்தக் கேள்வியை மனிதர்கள் முன்னால் வைக்கிறது. வெளிநாட்டவர் ஒருவர் உகாண்டாக் குழந்தையைத் தத்தெடுக்க வேண்டுமானால், அந்த நாட்டிலேயே ஓராண்டு தங்கியிருக்க வேண்டும். அதோடு, சமூகநல அதிகாரியின் மேற்பார்வையில் அந்தக் குழந்தையை ஓராண்டு வளர்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொல்லும். 2016-இல் வந்த சட்டத்திருத்தம் இது. அதற்கு முன் மூன்றாண்டு என்று இருந்தது. மிகவும் விதிவிலக்கான சூழலில் நீதிமன்றம் இதைத் தளர்த்தலாம். மற்றபடி விதி விதிதான்.

யோசித்துப் பாருங்கள். வேலையை விட்டுவிட்டு, வயசான அப்பா அம்மாவை ஊரில் விட்டுவிட்டு, மொழி தெரியாத ஊரில் வாடகை வீடு எடுத்து, ஒரு பிள்ளைக்குச் சோறு ஊட்டித் தூங்க வைக்க வேண்டும். மூணு மாசத்தில் பிள்ளை “அம்மா” என்று கூப்பிடும். ஆனால் காகிதத்தில் அம்மா இல்லை. பத்தாவது மாசத்தில் ஒரு பாட்டியோ சித்தப்பாவோ “எங்க பிள்ளை, நாங்க பார்த்துக்கிறோம்” என்று வந்து நிற்கலாம்.

“இது கொடுமை இல்லையா?” என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆதரவு இல்லாத பிள்ளைக்கு ஒரு வருசம் என்பது சின்னக் காலம் இல்லை. இப்படி வந்து தங்க வசதி உள்ளவர்களால்தான் முடியும். பிள்ளை ஒட்டிக்கொண்ட பிறகு பிரித்தால், அதற்கு அது இரண்டாவது காயம். இந்த மூன்றையும் லேசாகத் தள்ளிவிடக் கூடாது.

ஆனால் அவசரம் என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2010 ஜனவரியில் ஹைத்தியில் பூகம்பம் வந்தபோது, அமெரிக்காவிலிருந்து வந்த பத்துப் பேர் 33 பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிப் பக்கத்து நாட்டுக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள். அநாதைகள் என்றார்கள். விசாரித்தால், பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். உகாண்டாவிலேயே, கிராமத்துப் பெற்றோரிடம் “பிள்ளையை நல்லா படிக்க வைக்கிறோம்” என்று சொல்லி வாங்கி, வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுத்த கும்பல் ஒன்று இருந்தது. அதில் பங்கு இருந்ததாக 2020-இல் இரண்டு நீதிபதிகள் உள்ளிட்ட நால்வர் மீது அமெரிக்க அரசு பொருளாதாரத் தடை விதித்தது. அந்தக் கிராமத்து அம்மா பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

இங்கேதான் நாம் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். ஏழைப் பிள்ளை வேறு, அநாதைப் பிள்ளை வேறு. ஏழைப் பிள்ளைக்கு வேண்டியது இன்னொரு அம்மா இல்லை. இருக்கிற அம்மாவுக்குக் கொஞ்சம் கைகொடுக்க ஆள். இந்தப் பிள்ளை யார், எங்கிருந்து வந்தது, யாராவது தேடுகிறார்களா என்ற உண்மை வெளியே வர நாள் ஆகும். அதற்கு அந்த ஓராண்டு இடம் கொடுக்கிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. பொதுவாக வெளிநாட்டுத் தத்தெடுப்பில் எல்லாம் புதிதாக இருப்பது பிள்ளைக்குத்தான். மொழி புதுசு, சாப்பாடு புதுசு, முகம் புதுசு. உகாண்டா விதி இதைத் திருப்பிப் போடுகிறது. முதலில் பெரியவர்கள் அந்நியராகிறார்கள். லுகாண்டா மொழியில் திக்கித் திணறிப் பேசி, சந்தையில் வாழைக்காய் பேரம் பேசி, வேகவைத்து மசித்துச் சாப்பிடப் பழகி, பிள்ளையின் ஊர் எப்படி மணக்கும் என்று தெரிந்துகொள்கிறார்கள். பின்னாளில் பிள்ளை “நான் எங்கிருந்து வந்தேன்?” என்று கேட்டால், புத்தகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியதில்லை. கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு இது ரொம்பப் பெரிய விஷயம் என்று புரியும்.

நம் சமயம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? கர்ணனைப் பாருங்கள். ஆற்றில் வந்த பிள்ளையை அதிரதனும் ராதையும் எடுத்து வளர்த்தார்கள். ராதேயன் என்ற பெயரைக் கர்ணன் கடைசிவரை விடவில்லை. அவன் வாழ்க்கை துன்பமானது வளர்ப்புப் பிள்ளை என்பதால் இல்லை. பிறப்பின் உண்மை அவனிடமிருந்து மறைக்கப்பட்டதால். மாறாக, சுந்தரரைப் பாருங்கள். திருநாவலூரில் தெருவில் விளையாடிய பிள்ளையைப் பார்த்து ஆசைப்பட்ட நரசிங்க முனையரையர், பெற்றோரிடம் கேட்டு வாங்கி வளர்த்தார். பெற்றவர்களும் பிள்ளையின் வாழ்விலிருந்து மறையவில்லை. கல்யாணம் பேசியதும் அவர்கள்தான். ஒளிவு மறைவு இல்லாததால் இரண்டு வீட்டு அன்பும் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. வறுமையாலும், ஜாதக நம்பிக்கையாலும், ஜப்பான்காரன் காலத்துப் பயத்தாலும் கொடுக்கப்பட்ட சீனப் பெண் குழந்தைகளைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள் வாங்கி வளர்த்தன. சேலை கட்டி, பொட்டு வைத்து, தமிழில் திட்டவும் கொஞ்சவும் தெரிந்த அந்தப் பாட்டிமார்களைப் பலருக்கும் தெரியும். அன்புக்குக் குறைவில்லை. ஆனால் முறையாகப் பதியாமல் வளர்க்கப்பட்ட பிள்ளைகள் பின்னாளில் அடையாள அட்டைக்காகவும் குடியுரிமைக்காகவும் அலைவதை இன்றைக்கும் பார்க்கிறோம். மலேசியாவின் 1952-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டமும், நீதிமன்ற ஆணைக்கு முன் குறைந்தது மூன்று மாதமாவது பிள்ளை தொடர்ந்து நம் பராமரிப்பில் இருக்க வேண்டும் என்கிறது. அன்பு மட்டும் போதாது. காகித வேலையைப் பொறுமையாகச் செய்து முடிப்பதும் பிள்ளைக்குச் செய்யும் கடமைதான்.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். “கிடைக்குமா என்று தெரியாது, அதனால் கொஞ்சம் தள்ளியே இருப்போம்” என்று பெரியவர் நினைத்தால், அவர் மனசு தப்பிக்கும். விலை கொடுப்பது பிள்ளை. இரண்டு வயசுப் பிள்ளைக்குத் தீர்ப்புத் தேதி தெரியாது; இன்று ராத்திரி காய்ச்சல் வந்தால் யார் தூக்குவார் என்பதுதான் தெரியும். பலனில் உரிமை கொண்டாடாமல் கடமையைச் செய் என்று கீதை சொல்வதை, ஒட்டாமல் இரு என்று பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். முழுசாகச் செய், ஆனால் ‘எனக்கு’ என்று பிடித்து வைக்காதே. அதுதான் பொருள்.

கார்த்திகைப் பெண்கள் அறுவரும் சரவணப் பொய்கையில் முருகனை வளர்த்தார்கள். பிறகு பார்வதி தேவி வந்து பிள்ளையை அணைத்துக்கொண்டார். அறுவரும் வளர்த்தது வீணாகிப் போனதா? இன்றுவரை நாம் கார்த்திகேயன் என்று கூப்பிடுகிறோம், கார்த்திகை விரதம் இருக்கிறோம்.

ஆகவே, பத்தாவது மாசத்தில் அந்தப் பாட்டி வந்து நின்றால் என்ன செய்வது? அழுகை வரும், வரட்டும். ஆனால் “இவ்வளவு நாள் எங்கே போயிருந்தீங்க?” என்று சண்டைக்கு நிற்பவர் தன் ஆசையை வளர்த்திருக்கிறார். “பிள்ளைக்குப் பாட்டி இருக்காங்க” என்று ஒரு நிமிசமாவது சந்தோஷப்பட முடிந்தவர் பிள்ளையை வளர்த்திருக்கிறார்.

நம்மில் பலர் உகாண்டாவுக்குப் போகப் போவதில்லை. ஆனால் தீபாவளி வந்தால் குழந்தைகள் இல்லத்துக்குப் பிரியாணியும் கேமராவும் தூக்கிக்கொண்டு போகிறோம். பிள்ளைகள் நம் மடியில் ஏறுகிறார்கள், படம் எடுக்கிறோம், அடுத்த தீபாவளி வரைக்கும் ஆளைக் காணோம். அடுத்த முறை போகும் முன் இயக்கத்துக் கூட்டத்தில் ஒரு முடிவு எடுப்போம். பத்துப் பேர் ஒரு நாள் போவதைவிட, இரண்டு பேர் ஒவ்வொரு சனிக்கிழமையும் போய் வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்கட்டும். அந்தப் பிள்ளைகளும் நம்ம பிள்ளைகள் ஆகப்போவதில்லை. இருந்தாலும் சனிக்கிழமை வந்தால் வாசலைப் பார்ப்பார்கள். நாம் அங்கே இருக்க வேண்டும்.