போகமும் உபபோகமும்



'போகம்' என்றால் இன்பம் என்று நாம் பொதுவாகக் கூறிவிடுகிறோம். ஆசாரியர் சமந்தபத்திரரோ இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் நுகர்ச்சியை இரண்டாக வகுத்தார். ஒருமுறை நுகர்ந்தபின் மீண்டும் நுகர இயலாதது போகம். அது உணவு போல்வது. மீண்டும் மீண்டும் நுகரத்தக்கது உபபோகம். அது ஆடை போல்வது.

திருப்பூரில் வாழும் நமக்கு அவ்வாடையே பிழைப்பு. ஆனால் உழவர் வழக்கில் 'போகம்' என்பது விளைச்சல். நொய்யலாற்றுப் பாசனத்திற்காக 1992இல் கட்டி முடிக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது, வயல்கள் பாழாயின. 2011இல் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. நாம் சாயமேற்றிய உபபோகம், உழவரின் போகத்தை விழுங்கிற்று.

பன்முறை உடுத்தற்குரியதைச் சின்முறை உடுத்து எறிவோமாயின், உபபோகத்தையும் போகமாக்கி விடுகிறோம், சாயமும் பெருகுகிறது. இதனைத் தடுப்பதே போகோபபோக பரிமாண விரதம். அதனை வாழ்நாள் முழுதும் ஏற்பது யமம். காலவரையறை செய்து ஏற்பது நியமம். யமம் அரிதெனில் நியமமேனும் கொள்வோம். இன்றே நம் ஆடைகளை எண்ணி, இவ்வாண்டிற்கு இவையே போதும் என உறுதி பூணுவோம்.

அறம் வளர்க!